பழைய மனைக்குப் புதிய முகம்

உணவும் உடையும் உறையுளும் மக்கட்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உணவு ஒரு பொழுதிற்கும், உடை ஓரிரண்டு ஆண்டிற்கும் பயன்படும். உறையுளோ பாட்டன் கட்டப் பேரன் வாழும் பெருமையுடையது. ஆதலின், உணவிலும் உடையிலும் நேரும் பிழை நம்மோடு தீரும். உறையுளில் நேரும் பிழை நமக்குப் பின் வருவாரையும் சாரும். இக்கருத்தை உளங்கொண்டு, இன்று நம் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பெருகிவரும் ஒரு வழக்கத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பழைய வீட்டின் முகப்பைப் புதுப்பூச்சாலும் அலங்கார வேலைப்பாட்டாலும் மாற்றியமைக்கும் வழக்கமே அது.

வீட்டில் ஒரு திருமணம் உறுதியாயினும், வெளிநாடு சென்ற மகன் பொருளீட்டி அனுப்பினும், முதலில் அனைவர் கண்ணும் செல்வது வீட்டு முகப்பின் மீதே. சுண்ணாம்புக் காரை ஆங்காங்கே பெயர்ந்திருக்கும். மழைநீர் வழிந்த இடம் கறுத்திருக்கும். அடிச்சுவர் ஈரங்கொண்டு உப்புப் பூத்திருக்கும். எதிர்வீடோ நேற்றுக் கட்டியது; பளபளவென்று நிற்கும். ‘ஊரார் என்ன சொல்வர்?’ என்னும் நாணம் பெரியோரைப் பற்றுகின்றது. உடனே பழைய காரை முழுதும் கொத்தி எறியப்படுகின்றது. சிமெண்டுச் சாந்து பூசப்படுகின்றது. சாளரந்தோறும் வளைவுகளும், மூலைதோறும் பொய்த்தூண்களும், மேல்விளிம்பிற் பூங்கொடிகளும் ஒட்டப்படுகின்றன. அவற்றின்மேல் நீர் புகாத வண்ணம் ஏறுகின்றது. திருமணமும் சிறப்பாக நடந்தேறுகின்றது. சில மழைக்காலங்கள் கழிந்தபின் அச்சுவருக்கு நேர்வதை எவரும் அத்திருமணச் செலவோடு சேர்த்து எண்ணுவதில்லை.

பழைய வீட்டைப் புதுக்குதல் கூடாதென்பது நம் கொள்கையன்று. பழமை என்பதற்காகவே அழுக்கையும் வெடிப்பையும் போற்றுதல் அறிவுடைமையாகாது. மேலும், சுவருக்குப் பூச்சும் பூச்சுக்கு அணியும் தமிழர்க்குப் புதியன அல்ல. சுண்ணாம்பிற்கும் அதனாலாகிய பூச்சிற்கும் ‘சுதை’ என்னும் பெயர் நம் நூல்களில் வழங்குகின்றது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து உயர்ந்த மனைகளில் சுதையாலமைந்த உருவங்களை மக்கள் நின்று கண்ட செய்தி வருகின்றது. நம் கோயிற் கோபுரங்களில் நெருங்கி நிற்கும் வடிவங்களிற் பெரும்பாலன செங்கல்லின்மேல் சுதையால் ஆக்கியனவே. மதுரையில் 1636-ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் எடுப்பித்த அரண்மனையைக் கண்டோர், அதன் வளைவுகளின்மேல் அமைந்த சுதை வேலைப்பாட்டை மறவார். காலத்தாற் சிதைந்திருந்த அவ்வரண்மனையை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பித்தமையாலேயே, அதில் எஞ்சிய பகுதியேனும் இன்று நம் கண்ணுக்குக் கிடைத்துள்ளது. புதுக்குதல் நன்றென்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் கொத்தர்களின் பூச்சு கடல் கடந்தும் புகழ்பெற்றது. சிப்பிச் சுண்ணாம்பை நுண்ணிதாக அரைத்துப் பூசி, மழமழப்பான கல்லால் தேய்த்து, பளிங்கெனத் தோன்றச் செய்யும் சென்னைப் பூச்சினை வெள்ளையர் வியந்து எழுதினர். செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பார், சென்னையில் நற்சாந்து செய்யும் முறையை விளக்கி எழுதிய கட்டுரை, 1732-ஆம் ஆண்டளவில் இலண்டன் இராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றது. வெல்லமும் கடுக்காயும் கொள்ளும் சாந்திற் சேர்ந்தமையை அவர் குறித்துள்ளார். இங்குக் கொத்தனாரும் சித்தாளும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததை, அங்கு அறிஞர் கழகம் அச்சிற் பதித்துப் போற்றியது.

‘காலத்திற்கேற்பக் கோலம் மாறுதல் இயல்பன்றோ?’ எனின், இயல்பே. செட்டிநாட்டு மாளிகைகளைக் காண்க. அவற்றின் முகப்பில் யானைகள் நீர் சொரிய வீற்றிருக்கும் திருமகளும் உளள். துப்பாக்கி ஏந்திய வெள்ளைச் சிப்பாயும் உளன். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலேற்றிக் கொணர்ந்த அவ்வணிகர், தம் காலத்துப் புதுமைகளை வெறுத்தவரல்லர். எனினும், புதிய வடிவங்களை அவர்கள் தம் சுவரோடு இயைந்த சுண்ணாம்பிலேயே வடித்தனர். அவர்கள் மாற்றியது கோலத்தை; பொருளையன்று. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைக்குரிய முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. வழக்கின் உயிர்நிலை இப்பொருளில்தான் உளது.

நிற்க. சுண்ணாம்பின் இயல்பு யாது? சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற் சுட, அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதனை நீரிலிடக் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு மணலோடு கலந்து சுவரேறியபின், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகின்றது. இவ்வாறு இறுகிய பூச்சு நுண்துளைகள் உடையது. சற்றே நெகிழ்ந்து கொடுப்பது. சுவரினுள் ஏறும் ஈரம் அத்துளைகள் வழியே ஆவியாய் வெளியேறும். பழைய வீடுகளிற் பலவற்றிற்கு நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படலம் அடித்தளத்தில் இல்லை. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறுவதைத் தவிர்க்க இயலாமையின், ஏறிய ஈரம் வெளியேற வழிவிட்டனர் முன்னோர். சுவர் மூச்சுவிடும் வண்ணம் கட்டினர் என்று சுருங்கக் கூறலாம்.

ஈரத்தோடு உப்பும் ஏறும். நீர் ஆவியாக, உப்பு படிகமாய் விரிந்து தான் தங்கிய இடத்தை உடைக்கும். சுண்ணாம்புச் சுவரில் அவ்வுடைவு பெரும்பாலும் மேற்பூச்சில் நிகழும். பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். எந்த உதிர்வைக் கண்டு நாம் நாணுகின்றோமோ, அவ்வுதிர்வே அப்பூச்சு தன் கடமையைச் செய்ததற்கு அடையாளம். அது தான் அழிந்து தன்னை அணிந்த சுவரைக் காத்தது. போரில் துளைபட்ட கேடயத்தைப் பார்த்து, ‘இஃது அழகிழந்தது’ என்று இகழ்வார் உளரோ?

அச்சுவரின்மேல் சிமெண்டு பூசினால் நேர்வது யாது? சிமெண்டுப் பூச்சு வலியது, ஆனால் இளகாதது. பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெயிலிலும் மழையிலும் சிறிதே அசைய, மேலுள்ள வன்தோல் மயிரிழை போல் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே மழைநீர் எளிதிற் புகும். புகுந்த நீர் வெளியேற வழி காணாது. கீழிருந்து ஏறும் ஈரமும் தடைப்பட்டு, முன்னினும் உயரமாக ஏறும். உப்பு இப்பொழுது பூச்சில் அன்று, அதன் பின்னுள்ள செங்கல்லில் விளையும். வெளியே வண்ணம் மின்ன, உள்ளே செங்கல் பொடியாகும். இறுதியிற் சிமெண்டு பாளம் பாளமாய்ப் பெயரும்பொழுது செங்கல்லின் முகத்தையும் உடன் பறித்துக்கொண்டே விழும். பூச்சு எப்பொழுதும் சுவரினும் மெலிந்ததாயிருத்தல் வேண்டும் என்னும் விதியை மீறியதன் பயன் இது.

இதனாற் சிமெண்டை இகழ்ந்தோமெனக் கொள்ளற்க. 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றதும், 1914-இல் போர்பந்தரில் சிமெண்டுத் தொழில் தொடங்கியதும் கட்டடக் கலையில் பெரும் மாறுதலை விளைத்தன. பாலங்களும் அணைகளும் அடுக்கு மாடிகளும் அதன் நன்மைக்குச் சான்றாவன. சிமெண்டாற் கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு தக்கதே. நாம் மறுப்பது பொருந்தாக் கூட்டத்தையே.

இனி, அணிகளைப் பற்றிச் சில கூறுவோம். பழைய வீட்டின் கொடுங்கையும், மாடிகளுக்கிடையே ஓடும் பட்டையும், சாளரத்தின்மேற் புடைத்த வளைவும் வெறும் அழகிற்காக எழுந்தனவல்ல. ஒவ்வொன்றும் மழைநீரைச் சுவரில் வழியவிடாது எட்டி உதிர்ப்பதற்கு அமைந்தது. அவற்றின் மேற்பரப்பில் வாட்டம் இருக்கும். கீழ்விளிம்பில் ஒரு சிறு பள்ளம் கீறியிருக்கும். அப்பள்ளத்தைக் கடக்கமாட்டாத நீர்த்துளி ஆங்கே சொட்டும். தகட்டில் வெட்டிய அச்சினை ஈரச்சாந்தின்மேல் இழுத்து, கொத்தனார் அவ்வடிவைப் பெறுவித்தார். பயனே அழகாய் மலர்ந்த இடம் அது.

இக்காலத்துக் கடைகளில் வாங்கி ஒட்டும் அணிகளிற் பலவற்றிற்கு வாட்டமும் இல்லை, பள்ளமும் இல்லை. நீரைத் தடுப்பதற்கு மாறாக அவை நீரைத் தேக்கும். பிளாஸ்டர் ஆப் பாரிஸால் ஆகியவை வீட்டினுள் அழகு தரும். மழையிலோ சிறிது சிறிதாகக் கரையும். தெர்மோகோலின்மேற் பூச்சிட்டவை எடை குறைந்தவை; எனினும் மேற்பூச்சு வெடித்தாற் பின்புறம் நீர் கோக்கும். கனத்த சிமெண்டு அணிகளை இரும்பாணியால் இறுக்கினால், ஆணி துருவேறிப் பருத்துச் சுவரையே பிளக்கும். இவை ஒருபுறமிருக்க, தன்மேல் ஏறாத பாரத்தைத் தாங்குவதுபோல் நடிக்கும் பொய்த்தூண், ஒடுங்கிய திண்ணை வீட்டின் முன் நிற்பது கண்ணுக்கு இனிதாமோ? சிறுவன் தந்தையின் அங்கியை அணிந்து நிற்பது போன்றதன்றோ அது?

‘செங்கல்லைப் பூச்சால் மறைத்து அணி செய்வது எல்லாமே பொய்தானே?’ என்று வினவுவாரும் உளர். இவ்வினா மேனாட்டிலும் எழுந்ததுண்டு. 1820-களில் ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் இலண்டன் ரீஜண்ட் பூங்காவைச் சூழச் செங்கல் வீட்டு வரிசைகளை எழுப்பிக் கல்லெனத் தோன்றப் பூசினார். அக்காலத்தார் சிலர் அதனை எள்ளினர். ஆயினும், இடைவிடாது பழுதுபார்த்து வண்ணம் தீட்டிவந்தமையால், அவை இன்று அந்நகரின் பாதுகாக்கப்பட்ட செல்வங்களாக நிற்கின்றன. பூச்சு பொய்யாவதும் மெய்யாவதும் அதனைப் பேணுவார் கையில் உளது என்பதே இதனால் நாம் அறிவது.

நம் கருத்திற்கு எதிராகக் கூறப்படும் தடைகள் மூன்று. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அரியர் என்பது ஒன்று. செலவு மிகும் என்பது மற்றொன்று. நாள் மிகும் என்பது பிறிதொன்று. மூன்றும் உண்மையே; மறைத்தற்கில்லை. சாந்தரைக்கும் கல்லுருளை பல ஊர்களில் ஓய்ந்துகிடக்கின்றது. ஆனால், அழைப்பாரின்மையாலன்றோ அறிவார் அருகினர்? வேலை கொடுத்தால் அக்கை பிழைக்கும். கொடாவிடின் ஒரு தலைமுறையில் ஒழியும். செலவோவெனில், ஒருமுறை கொத்தி எறிந்து, பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுப்போடும் செலவையும் கூட்டிப் பார்த்தே ஒப்பிடல் வேண்டும். நாள் மிகுதலுக்கு மருந்து, திருமணம் குறித்தபின் தொடங்காது, ஆண்டொன்று முன்னரே தொடங்குதலாம். இது கனவன்று என்பதற்குப் புதுச்சேரி சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் நிறுவனம் துணைநிற்க, ஆங்குள்ள வைசியாள் வீதியின் தமிழ் வீடுகள் தம் பழைய முகப்போடு புதுக்கப்பட்டன. அப்பணி 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது.

ஆகவே, செய்யத்தக்கது யாது? முதலில் நீரின் வழியைத் தேடுக: ஒழுகும் கூரை, அடைபட்ட நீர்க்குழாய், சுவரடியில் தேங்கும் கழிநீர் ஆகியவற்றைச் சீர்செய்யாது பூசுவது வீண். அடுத்து, விரலால் சுவரைத் தட்டுக. வெற்றொலி எழும் இடத்துக் காரையை மட்டும் அகற்றுக. உறுதியாய் நிற்பதைத் தொடற்க. பின்னர்ச் சுவரை நனைத்துச் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய படைகளாக ஏற்றி, ஒவ்வொன்றும் இறுகுமளவும் கடுவெயில் படாது காக்க. சிதைந்த அணிக்கு அவ்வீட்டிலேயே எஞ்சிய நல்ல துண்டு ஒன்றிலிருந்து அச்செடுக்க. இல்லாத அணியைப் புகுத்த வேண்டின், அது நீரை உதிர்க்குமா என்று முதலில் வினவுக. நீர் புகாத வண்ணத்திற்கு மாறாக வெள்ளையடிப்பே போதும். பொங்கலுக்கு முன்னும் கிறிஸ்துமஸுக்கு முன்னும் ஆண்டுதோறும் வெள்ளையடித்த நம் இல்லத்தார் விழாவிற்கு மட்டும் அதனைச் செய்தாரல்லர். சிறு வெடிப்புகளைச் சுண்ணாம்புநீரால் அடைத்து வீட்டின் வாழ்நாளையும் நீட்டினர். ஏற்கெனவே சிமெண்டு பூசியவர்கள் அதனை ஆத்திரத்தோடு கொத்தற்க. செங்கல்லும் உடன் வரும். தக்கோரைக் கலந்து, மறைவான ஓரிடத்திற் சிறிது செய்து, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்க.

மாணவ அன்பர்களே! விடுமுறையில் நாம் வீடு செல்லுங்கால், ‘நீ படித்தவன், நீ சொல், முகப்பை என்ன செய்யலாம்?’ என்று தந்தையார் கேட்கும் நாள் நம்மிற் பலர்க்கும் வரும். அன்று கடைக்காரர் காட்டும் படத்தைப் பார்த்து விரலைச் சுட்டுவது எளிது. அதற்கு முன் அச்சுவரண்டை சென்று அதனைத் தட்டிப் பார்ப்போமாக. பாட்டனார் வீட்டை நமக்கு விற்றாரல்லர், ஒப்புவித்தார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் நம் மூத்தோர். வீட்டின் முகத்தைத் திருத்தப் புகுவார், அதன் அகம் அழியாமற் காத்தலையே முதற்கடனாகக் கொள்வாராக.