பாட்டிலில் இருப்பது பாதிதான்

தோள்மூட்டுச் சவ்வில் வரும் 'சைனோவியல் காண்ட்ரோமட்டோசிஸ்' நோய்க்கு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) முடிந்ததும், எடுத்ததைப் பாட்டிலில் போட்டு வீட்டாரிடம் காட்டுவதுண்டு. அரிசி அளவிலிருந்து பட்டாணி அளவு வரை, வெள்ளை வெளேரென்று வழவழப்பான உருண்டைகள். சிலருக்கு நூறுக்கும் மேல் இருக்கும். பார்த்தவர்கள், 'எல்லாம் வந்துவிட்டது' என்று நிம்மதி அடைகிறார்கள். அங்கேதான் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: சவ்வை என்ன செய்தார்கள்?

இந்த நோய் புற்று அல்ல. புற்றாக மாறுவது அரிது. மூட்டை உள்ளிருந்து போர்த்தி, அது உராயாமல் அசையத் திரவம் சுரக்கும் மெல்லிய சவ்வு, காரணம் சரிவரத் தெரியாமலே குருத்தெலும்பு முடிச்சுகளை உண்டாக்குகிறது. அவை கழன்று மூட்டுக்குள் விழுகின்றன. விழுந்தபிறகும் திரவத்திலிருந்தே ஊட்டம் எடுத்து வளரும். முழங்காலில்தான் அதிகம், தோளில் அபூர்வம். அதனால் கையைத் தூக்கும்போது வலிக்கிறது, சிக்கிக்கொள்கிறது என்று வருபவரை 'ஃப்ரோஸன் ஷோல்டர்' (தோள் இறுக்கம்) என்று மாதக்கணக்கில் வைத்தியம் பார்ப்பதும் நடக்கும். எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது. சுண்ணாம்பு படியாத குருத்தெலும்பு அதில் விழாது, எம்.ஆர்.ஐ. வேண்டும்.

1977இல் மில்கிராம் என்ற மருத்துவர் இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் சவ்வு மட்டும் முனைப்பாக இருக்கும், உருண்டைகள் உதிர்ந்திருக்காது. அடுத்து இரண்டும் சேர்ந்திருக்கும். கடைசியில் சவ்வு அடங்கிவிட, உருண்டைகள் மட்டும் மிஞ்சும். கடைசிக் கட்டத்தில் உருண்டைகளை எடுத்தாலே போதும் என்பவர்கள் உண்டு. சவ்வு முனைப்பாக இருக்கும்போது அதையும் சுரண்டி எடுக்காவிட்டால் நோய் திரும்ப வாய்ப்புண்டு.

ஆனால் சுரண்டுவது சுலபமில்லை. துளை சிறியதுதான், உள்ளே சந்துபொந்துகள் ஏராளம். மூட்டின் அடிப்பையை ஒட்டி, கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசைக்கான நரம்பு ஓடுகிறது. அங்கே கருவி தடம் மாறக் கூடாது. பைசெப்ஸ் தசைநாணின் உறைக்குள் ஒளிந்த உருண்டைகள் கேமராவுக்கு எட்டாமல் போகலாம். அதற்குத் தனியாகச் சிறு கீறல் போட வேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

எடுத்த சவ்வு பயாப்ஸிக்குப் போனதா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன மூட்டை இந்தச் சிகிச்சை புதிதாக்காது. தோள் இறுகாமலிருக்கப் பிசியோதெரபி தேவைப்படும். வலியோ சிக்கலோ திரும்பினால், ஆண்டுகள் கழிந்திருந்தாலும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.