மாண்ட்வா போவோர் கவனிக்க!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தாராவி, மாட்டுங்கா தமிழர்கள் குடும்பத்துடன் கடற்காற்று தேடிப் புறப்படுவது வழக்கம். அவர்களுக்கு ஏற்ற இடம், ராய்கட் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான மாண்ட்வா. சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். கேட்வேயில் படகு ஏறினால் ஒரு மணி நேரம்தான். பாவுச்சா தக்காவிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல் 2020-ல் வந்தது. மழைக்காலத்தில் மட்டும் கேட்வே படகுகள் நின்றுவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 2024 டிசம்பர் 18-ந்தேதி அதே கேட்வேயிலிருந்து எலிபண்டா தீவுக்குச் சென்ற படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லைப் ஜாக்கெட் இல்லாமல் தத்தளித்தவர் பலர்.

அதன் பிறகு ஜாக்கெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. உத்தரவு காகிதத்தோடு நின்றால் பயனில்லை. குழந்தைகள் உள்பட ஒவ்வொருவருக்கும் அளவுக்கேற்ற ஜாக்கெட் கொடுத்த பின்பே படகை எடுக்க வேண்டும். "புழுக்கமாக இருக்கிறது" என்று அதைக் கழற்றி மடியில் வைக்கும் பழக்கத்தைப் பயணிகளும் விட வேண்டும். கொடுக்காத படகில் ஏற மறுக்க வேண்டும்.

ஒரு மணி நேரப் புழுக்கம் பெரிதா, குடும்பத்தின் உயிர் பெரிதா?