ஓடத் தெரிந்தவனுக்கு ஒரே ஒரு கதவுதானா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு நெசவாளர் குடும்பம் இருக்கிறது. கணவனும் மனைவியும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பட்டுச்சேலை நெய்கிறார்கள். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான், வணிகவியல் பிரிவு. 1,500 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பதக்கம் பெற்றவன். கடந்த மாதம் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தாயும் மகனும் வந்தார்கள். “அண்ணா, பட்டாளத்துல விளையாட்டுப் பிள்ளைங்களுக்குத் தனியா இடம் இருக்குதாமே, இதையெல்லாம் வெச்சு ஆபீசராக முடியுமா?” என்று அந்த அம்மா கேட்டார். சிப்பாயாகச் சேர்வதற்கான வழியை மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. “ஏன் மாமா, ஆபீசருங்க ஓட மாட்டாங்களா?” என்றான் பையன்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி அல்ல இது. நமது ராணுவத்தில் விளையாட்டுத் திறன் எந்தப் படிவரை மதிக்கப்படுகிறது, எந்தப் படியில் அந்த மதிப்பு நின்றுவிடுகிறது என்று யோசிக்க வைத்த கேள்வி.

விளையாட்டு வீரர்களைத் தேடிப் பிடித்து வளர்ப்பதில் இந்திய ராணுவத்துக்கு இணையான அமைப்புகள் நாட்டில் குறைவு. தயான் சந்த் 1922-இல் சிப்பாயாகச் சேர்ந்த பிறகே ஹாக்கியை முறையாகக் கற்றார். மில்கா சிங் ஓட்டக்காரர் என்பதை முதலில் கண்டுகொண்டதும் ராணுவம்தான். புணேயில் உள்ள ராணுவ விளையாட்டு நிறுவனம் 2001-இல் ஒலிம்பிக் பதக்கத்தையே இலக்காக வைத்துத் தொடங்கப்பட்டது. இந்திய விளையாட்டு ஆணையத்துடன் இணைந்து நடத்தப்படும் ‘பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி’களில் 8 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். உணவு, உறைவிடம், கல்வி, பயிற்சி எல்லாம் ராணுவத்தின் பொறுப்பு. உரிய வயது வந்ததும் அவர்கள் படையில் சேர்கிறார்கள். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் சாதித்தவர்களுக்கு ஹவில்தார், நைப் சுபேதார் பதவிகளில் நேரடி நியமனம் உண்டு. நீரஜ் சோப்ரா 2016-இல் ராஜ்புதனா ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் நைப் சுபேதாராகச் சேர்ந்தது இந்த வழியில்தான். நமது திருச்சி மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போன ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆசிய சாதனை படைத்த தொடர் ஓட்ட அணியிலும் ஓடினார்.

இவை எல்லாமே பெருமைக்குரியவைதான். ஆனால், இந்த ஏணியின் உச்சிப்படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிப்பாய், ஹவில்தார், நைப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இந்த வரிசை முடியும் இடத்தில்தான் அதிகாரிகளின் வரிசை தொடங்குகிறது. தயான் சந்த் மேஜராக ஓய்வுபெற்றார் என்பது உண்மை. அவரைப் போல் எத்தனை பேர்? நீரஜ் சோப்ராவுக்குப் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி 2025-இல் வழங்கப்பட்டது. அதற்கு ஓர் ஒலிம்பிக் தங்கமும் ஓர் ஒலிம்பிக் வெள்ளியும் தேவைப்பட்டன.

அதிகாரிகள் உருவாகும் இடங்களுக்கு வருவோம். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண். பொது அறிவுத் தாளுக்கு 600. அந்த 600-இல் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். இதில் தேறியவர்களைத் தேர்வு வாரியம் ஐந்து நாட்கள் வைத்திருந்து சோதிக்கிறது. அதற்கு 900 மதிப்பெண். அங்கே நிரப்பித் தரவேண்டிய படிவத்தில் என்ன விளையாட்டு, எந்த மட்டம்வரை விளையாடினீர்கள் என்ற கேள்வி உண்டு. அணியை வழிநடத்தியிருந்தால் நேர்காணலில் அது எடுபடும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால், அந்தப் படிவத்தை நிரப்பும் இடம்வரை போய்ச் சேர்வதற்கு அந்தப் பதக்கம் ஒரு மதிப்பெண்கூடத் தருவதில்லை. ராணுவப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது அறிவிக்கை. வணிகவியல் படித்த எங்கள் தெருப் பையன் 300 மதிப்பெண் கணிதத் தாளை எப்படி எதிர்கொள்வான் என்பது அறிவிக்கையின் கவலை அல்ல.

எழுத்துத் தேர்வு என்பது எல்லோருக்கும் பொதுவான, தளர்த்தவே முடியாத விதி என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்படி இல்லை. தேசிய மாணவர் படையில் ‘சி’ சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாகத் தேர்வு வாரியத்துக்குச் செல்லலாம். தேர்ச்சி பெற்றால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கும் சட்டப் பட்டதாரிகளுக்கும் தனி வழிகள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களில் ஜேஇஇ முதன்மைத் தேர்வு எழுதியவர்களுக்கும் தனி வழி உண்டு. இந்தத் தகுதிகள் ஓர் அதிகாரிக்குப் பயன்படும் என்று ராணுவம் நம்புவதால் அவற்றுக்குக் கதவு திறந்திருக்கிறது. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பல ஆண்டுகள் விடாமல் ஓடியவனின் ஒழுங்கும் தாங்கும் ஆற்றலும் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை? கடற்படை மட்டும் ஒரு சிறு விதிவிலக்கு: எழிமலை அகாடமிக்கு விளையாட்டுப் பிரிவு அதிகாரிகளைக் குறுகிய காலப் பணிக்கு அது தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆனால், அதற்கு முதுநிலைப் பட்டமோ பொறியியல் பட்டமோ வேண்டும். தேசிய அளவிலான மூத்தோர் போட்டியில் பங்கேற்றிருக்கவும் வேண்டும்.

கல்வித் துறை இந்த விஷயத்தில் ராணுவத்தை முந்திவிட்டது. சென்னை ஐஐடி 2024-25 கல்வியாண்டிலிருந்து ஒவ்வோர் இளநிலைப் பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்காக இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது விடவில்லை. கணிதத்தைக் கோயில்போல் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் ஓட்டக்காரருக்கு இடம் வைக்கிறது. ஆளெடுப்பில் ஓட்டத்தையும் ஒரு தேர்வாக வைத்திருக்கும் நிறுவனம் வைக்கவில்லை. வேடிக்கைதான்.

அமெரிக்காவைப் பார்த்து அப்படியே செய்யலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வெஸ்ட் பாயின்டிலும் அனாபொலிஸிலும் பயிற்சியாளர்களே பள்ளி மாணவர்களைத் தேடிச் சென்று சேர்க்கிறார்கள். படிப்பில் சற்றுப் பின்தங்கியவர்களுக்கு அரசுச் செலவில் ஓராண்டு ஆயத்தப் பள்ளி உண்டு. இதன் சிறந்த முகம் ரோஜர் ஸ்டாபக். அனாபொலிஸில் படித்தபோது 1963-இல் அந்நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். அவரும் நேரே அங்கே நுழைந்துவிடவில்லை, நியூ மெக்சிகோவில் ஓராண்டு படித்துவிட்டுத்தான் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் கடற்படைப் பணிக்குப் போனார், வியட்நாமிலும் இருந்தார், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது வயது 27. இன்னொரு முகமும் உண்டு. வரிப்பணத்தில் படித்த பட்டதாரி படைப்பணியைத் தள்ளிவைத்துவிட்டு நேரே தொழில்முறை அணிக்குப் போகலாமா என்ற கேள்வியில் அந்நாட்டு அரசு தடுமாறியது. முதலில் அனுமதித்தது, 2017-இல் நிறுத்தியது, 2019-இல் மறுபடியும் அனுமதித்தது. அரங்கில் வெற்றி பெறுவதற்காக ஆள் சேர்த்தால் அகாடமி எதற்கு என்பது மறந்துபோகும். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். போலி விளையாட்டுச் சான்றிதழ்களுக்குப் பேர்போன நமது நாட்டில் வெறும் ஒதுக்கீடு எங்கே போய் நிற்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

எனவே, நான் ஒதுக்கீடு கேட்கவில்லை. மாணவர் படைச் சான்றிதழுக்குக் கிடைக்கும் சலுகையைத் தேசிய அளவில் ஓடியவனுக்கும் கொடுங்கள் என்கிறேன். தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனையில் அவன் தேறட்டும் அல்லது தோற்கட்டும். அதில் ஒரு மதிப்பெண்ணும் தளர்த்த வேண்டாம். ‘பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனி’யில் படிக்கும் சிறுவர்களில் படிப்பிலும் தேறக்கூடியவர்களை அகாடமித் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதை ராணுவமே ஏற்கலாம், இடமும் ஆசிரியர்களும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.

மொழி இன்னொரு தடை. உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். ஒரு பையனின் விளையாட்டுத் திறன் பெரும்பாலும் வெளிப்படத் தொடங்கும் வயது அந்த ஒன்பதாம் வகுப்பு வயதுதான். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த 2023-இல் உள்துறை ஒப்புக்கொண்டது. காவலருக்குத் தமிழ் போதுமாம், அதிகாரிக்குப் போதாதாம்.

இதெல்லாம் காஞ்சிபுரத்துக்கு ஏன் முக்கியம்? இந்த ஊரிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்ற மற்போர்ப் பட்டத்தைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டான். மல்லனும் மன்னனும் அவனுக்கு ஒருவரே. அந்தப் பழம்பெருமை இருக்கட்டும். இன்றைய நிலைமை வேறு. கோர்வைச் சேலை நெய்யும்போது கரைப்பக்கத்து நாடாவை எறிய ஒரு துணை ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகளே உட்கார்ந்தார்கள். அவர்களைத் தறிக்குழியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப இந்த ஊர் நீண்ட காலம் போராடியது. எழுந்துவந்த அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது நெசவுக்குத் திரும்ப விரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் ஒப்பந்த வேலை ஒரு பக்கம். சீருடைக் கனவு இன்னொரு பக்கம்.

சீருடைக் கனவின் கணக்கும் 2022 ஜூனில் மாறிவிட்டது. அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி. அதன் பிறகு 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரமாகத் தொடர முடியும். 2023 ஜனவரியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் நிறைவை எட்டுகின்றன. நேரடி ஹவில்தார் பதவிக்கு மாவட்டப் பதக்கம் செல்லாது. சிறுவர் பிரிவுக்கு எங்கள் தெருப் பையனின் வயது கடந்துவிட்டது. ஆக, அவனுக்கு இன்று திறந்திருப்பது அக்னிவீர் கதவு மட்டுமே. 1.6 கிலோமீட்டர் ஓட்டம் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. தமிழகத்துக்குரிய 166 சென்டிமீட்டர் உயரமும் இருக்கிறது. 22 வயதில் ஊர் திரும்பினால் என்ன செய்வான் என்று அவன் அப்பா கேட்கிறார். நான்கு ஆண்டு முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று சொன்னேன். “அது பணம், வேலை இல்லையே” என்றார். ஜரிகை விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

பரங்கிமலை அகாடமி எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. அதன் மதில் ஓரமாகச் சென்னைக்குப் போய்வந்த பலருக்கு உள்ளே எப்படி நுழைவது என்று இன்றும் தெரியாது. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தனது விடுதி மாணவர்களுக்கு அகாடமித் தேர்வுக்கான கணிதமும் ஆங்கிலமும் மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால்கூட நிலைமை கொஞ்சம் மாறும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

பையன் இரண்டுக்கும் விண்ணப்பிப்பதாக முடிவு செய்திருக்கிறான். அக்னிவீர் விண்ணப்பத்தை அவனே கைப்பேசியில் நிரப்பிக்கொள்வான். அகாடமித் தேர்வுக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறான். காலையில் ஓட்டம், இரவில் திரிகோணமிதி. தறி ஓய்ந்த பிறகு அந்த விளக்கின் கீழேயே உட்கார்ந்து படிக்கிறான். புரியாத கணக்குகளை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவருகிறான். எனக்கும் பாதி மறந்துபோயிருக்கிறது.