யாருடைய தாத்தா இவர்?



கடந்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குச் சென்றிருந்தேன். பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் வழியாகச் செல்லும் சாலை அங்கே நீரோரத்தில் முடிந்துவிடும். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடம். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் பெலாச்சானுக்கும் பெயர்பெற்ற ஊர்.

கருவாட்டுக் கடையில் நின்றபோது என் இளைய மகன் கேட்டான்: "கருவாடு நம்ம ஊர்ச் சந்தையிலேயே கிடைக்குதே அம்மா, ஏன் இவ்வளவு தூரம் வரணும்?"

"என் தாத்தா சம்பளம் வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் இங்கேதான் வருவார். காலையில் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார்."

"அவர் என்ன வேலை செஞ்சார்?"

"பால்மரம் வெட்டினார்."

"மரத்தை ஏம்மா வெட்டினார்?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. கெடாவில் பிறந்தவன், தமிழாசிரியையின் மகன். பால்மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதன்று என்பது அவனுக்குத் தெரியவில்லை. குற்றம் அவனுடையதன்று, என்னுடையது.

பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் தாத்தா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரே தாத்தாவை எழுதியிருந்தார்கள். அவர் ஒரு விவசாயி. பச்சைப் பசேலென்ற வயல் நடுவே வாழ்கிறார். வெள்ளை வேட்டி உடுத்தி, இரண்டு எருதுகளை ஓட்டிச் செல்கிறார். இரவில் நீதிக்கதை சொல்கிறார். அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களை நான் அறிவேன். ஒருவனுடைய தாத்தா தோட்டத்து லாரி ஓட்டியவர். ஒருத்தியின் பாட்டி முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். எருது ஓட்டியவர் எவருமில்லை. மாதிரிக் கட்டுரை நூலின் தாத்தா, எங்கள் வகுப்புத் தாத்தாக்களை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்து அமர்ந்துகொண்டார்.

அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. 1990ஆம் ஆண்டில் நானும் இதே கட்டுரையைத்தான் எழுதினேன். அதே வயல், அதே எருது. ஆசிரியர் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார். பெருமை தாளாமல் வீட்டுக்கு ஓடிவந்து, எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆமா, இது யாரு தாத்தா?" என்றார்.

என் தாத்தா, 1930களில் சிறுவனாகப் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். உதவிப்பயணத்தில் கூலியாட்களை இந்தியாவிலிருந்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குமுன் வந்துவிட்ட குடும்பம் அது. ஊரில் உழவர்கள், இங்கே பால்மரத் தொழிலாளர்கள். சப்பானியர் காலத்தில் அவருடைய அண்ணனைச் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. அந்த அண்ணனும் திரும்பவில்லை. போருக்குப் பின், 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்தபோது, தாத்தா அதில் நின்ற இளைஞர்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே நிரைக்குள் நுழைவார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டையைச் சரிவாக, மெல்லிய சீவலாகச் சீவவேண்டும். கத்தி சற்று ஆழமாகப் பட்டால் மரத்தில் காயம் விழும்; ஆழம் போதாவிட்டால் பால் குறையும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் எடுத்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு செல்லவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, பிற்பகலில் அவர் உழவராவார். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கத்தரி, மிளகாய், வெண்டை, மரவள்ளி. ஓரத்தில் ஒரு முருங்கை. இரண்டு பசுக்கள். அந்த நிலத்தில் ஓர் அங்குலம்கூட அவருடையதன்று. 1990களின் நடுவில் தோட்டம் கைமாறியது; பசுக்களை விற்றுவிட்டுச் சுங்கை பட்டாணியில் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அங்கே மண் இல்லை. காலிச் சாய டின்களில் மண் நிரப்பி மிளகாய் நட்டார். 2003இல் மறையும்வரை அந்த டின்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவரும் விவசாயிதான். ஆனால் நான் எழுதிய விவசாயி அல்லர். உண்மையான கட்டுரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நான் நூலைப் பார்த்து எழுதினேன்.

அன்பர்களே, நாம் மாணவர்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்கிறோம். மெர்போக் அருங்காட்சியகத்தையும் புக்கிட் பத்து பகாட் சண்டியையும் காட்டி, 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படை அனுப்பிய அரசனை அறிந்த பிள்ளைக்கு, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலின் மேல்தட்டில் வந்த தன் பூட்டனைத் தெரியவில்லை. அரசனின் படை வந்து திரும்பிப் போனது. காட்டைத் திருத்தி இங்கேயே தங்கியவர்கள் நம் முன்னோர்கள்.

இதைச் சொன்னால் சில பெற்றோர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அந்தக் கஷ்டமெல்லாம் பிள்ளைக்கு எதற்கு டீச்சர்? படித்து முன்னேறட்டும்" என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை என்று ஏளனப்பட்டு வளர்ந்தவர்களின் வலி எனக்குப் புரிகிறது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் நாம் மறைக்க மறைக்க, அது வெட்கப்படவேண்டிய வாழ்க்கை என்றே பிள்ளை கற்றுக்கொள்கிறது.

சக ஆசிரியர்கள், "மெதுநிலை மாணவர்களுக்கு மாதிரிக் கட்டுரை இல்லாமல் முடியாதே" என்பார்கள். மாதிரி வேண்டும், மறுக்கவில்லை. வாக்கிய அமைப்புக்கும் பத்தி அமைப்புக்கும் மாதிரி தருவோம். தாத்தாவுக்கு மாதிரி தரவேண்டாம். முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது.

நான் இவ்வாண்டு தொடங்கியிருக்கும் மூன்று முயற்சிகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. கட்டுரைக்கு ஒரு வாரம் முன்பே மாணவர்களிடம் ஐந்து கேள்விகளைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கே பிறந்தீர்கள்? முதன்முதலில் செய்த வேலை என்ன? அதற்கு எவ்வளவு கூலி? மழைக்காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? எந்த நாளை மறக்க முடியவில்லை? விடைகளை எழுதி வந்த பிறகே கட்டுரை. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளை, அண்டை வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம்.

2. பெரட்டு, மங்கு, நிரை, லயம், தண்டல், ஆயாக்கொட்டகை போன்ற சொற்களைச் சிவப்பு மையால் அடிப்பதை நிறுத்திவிட்டேன். வகுப்புச் சுவரில் அவற்றுக்கென ஒரு சொற்பட்டியல் தொங்குகிறது. பொருளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது மாணவர் பொறுப்பு.

3. பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம், கைப்பேசியில் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். வேறு செலவில்லை.

முதல் வாரத்தில் எல்லாரும் செய்துவரவில்லை. வந்த கட்டுரைகளிலும் எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தாத்தா இருந்தார். மழைநாளில் தாத்தா வெறும் மரவள்ளிக்கிழங்கும் கருப்புக்காப்பியுமாக இருந்ததை ஒரு மாணவன் எழுதியிருந்தான். பல ஆண்டுகளாக நான் திருத்திய எந்த மாதிரிக் கட்டுரையிலும் மரவள்ளிக்கிழங்கு வந்ததில்லை.

இன்று ஐந்தாம் ஆண்டில் பயிலும் பிள்ளையின் தாத்தா பாட்டி பெரும்பாலும் 1950, 60களில் பிறந்தவர்கள். பால்வெட்டைத் தம் கைகளால் அறிந்த தலைமுறை நம் குடும்பங்களில் அநேகமாக இதுவே கடைசி. இவர்களுக்குப் பின் கேட்பதற்கு ஆள் இருக்காது.

என் தாத்தாவின் வெட்டுக்கத்தி என்னிடம் இருக்கிறது. ஒரு நிழற்படம் இருக்கிறது. அவர் பிறந்த ஊரின் பெயர் இல்லை. "மன்னார்குடிப் பக்கம்" என்பார். எந்தக் கிராமம் என்று கேட்கலாம், கேட்கலாம் என்றிருந்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் பதில் சொல்ல ஒருவர் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.