ஆம்பளப் பிள்ளை தங்காத வீடு



"அந்த வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காதும்மா!" பெண் எடுக்கப் போகிற இடத்தில் இப்படிக் காதைக் கடிக்கிற வழக்கம் எங்கள் கிருமாம்பாக்கம் பக்கம் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. பிறந்த சில மாதத்திலேயே சளி, காய்ச்சல், பேதி என்று மாறி மாறி வந்து குழந்தை போய்விட்டால், பாலாரிஷ்ட தோஷம் என்பார் ஒருவர், சீர் தட்டிடுச்சு என்பார் இன்னொருவர். கடைசியில் பழி வந்து விழுவது மருமகளின் ராசி மேல்தான். சகோதரிகளே, அந்தக் காதோடு காதான பேச்சை டாக்டரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சில குழந்தைகளுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருப்பதில்லை. மரபணுவில் உள்ள பிழைதான் காரணம். இப்படி 500-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் தெரிய வந்திருக்கின்றன. 1952-ல் அமெரிக்காவில் புரூட்டன் என்ற டாக்டர், திரும்பத் திரும்ப நோய் தாக்கிய எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதமே இல்லை என்று கண்டுபிடித்தார். அதற்குக் காரணமான மரபணு தெரிந்தது 1993-ல்.

ஏன் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்? இந்த வகையில் சில பிழைகள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் தாய் நன்றாக இருப்பாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு சில வகைகளில் அப்பா, அம்மா இருவரிடமும் பிழை இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. யாரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகப் பிழை உண்டாவதும் உண்டு. இதில் மருமகள் செய்த குற்றம் என்ன?

இன்னொரு கொடுமை, "எதிர்ப்பு சக்தி இல்லை" என்று டாக்டர் சொன்னதும் எய்ட்ஸ் என்று முடிவு கட்டி, அந்தத் தாயின் நடத்தையையே பேசுவது. இது ஒட்டுவாரொட்டி நோயே அல்ல.

ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமல் தேய்வது, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் கேட்காதது, குடும்பத்தில் குழந்தைகள் தவறியிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண ரத்த அணு எண்ணிக்கையிலேயே சில நேரம் சந்தேகம் பிடிபட்டுவிடும்.

பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து இரண்டும் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனவை. மற்றக் குழந்தைகளுக்கு இவை அரண். தடுப்பூசியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் கடுமையான எதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அவையே ஆபத்தாகலாம். ஆகவே முன்பு குழந்தை தவறிய வீடு என்றால், பிறந்த உடனே, ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டர் என்ற பையனின் அண்ணன் இதே குறைபாட்டால் இறந்திருந்தான். அது டாக்டர்களுக்குத் தெரிந்திருந்ததால், பிறந்த உடனேயே இவனைக் கிருமி அண்டாத பிளாஸ்டிக் கூண்டில் வைத்தார்கள். பன்னிரண்டு வயது வரை இருந்து 1984-ல் இறந்தான். இன்றைக்குக் கூண்டு வேண்டாம். இந்தக் கடுமையான வகைக்குப் பிறந்த மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு மேல் பிழைப்பதாக அமெரிக்க ஆய்வு சொல்கிறது. புரூட்டன் கண்ட வகைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை எதிர்ப்புப் புரதம் ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வளர்ந்து ஆளாகலாம். செலவு நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்காதுதான். மத்திய அரசின் 2021-ம் வருஷத்து அரிய நோய்க் கொள்கைப்படி, குறிப்பிட்ட நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று.

அமெரிக்காவில் 2018-க்குள் எல்லா மாநிலத்திலும், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் புதுச்சேரியில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஜிப்மர் இருக்கிறது, எங்கள் கிருமாம்பாக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தச் சோதனையை இங்கே தொடங்கினால் என்ன? அதுவரைக்கும் கர்ப்பிணிகளின் அட்டையில், "உங்கள் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ குழந்தைகள் நோயால் தவறியதுண்டா?" என்று ஒரு வரி சேர்க்கட்டும். நர்ஸம்மா அதைக் கேட்டு எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

மாமியார்மார்களே, மருமகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட்டுவிட்டு, இந்த ஒரு கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். பேரப்பிள்ளை தங்குவான்.

- ஒரு வாசகி, கிருமாம்பாக்கம்.