ஆடலூருக்கு எதற்கு இங்கிலாந்துப் புல்தரை?

“நிலத்தை அழகாக அமைக்க வெள்ளைக்காரனிடம்தான் கற்க வேண்டும், நம் ஆட்களுக்கு அந்தக் கண்ணே கிடையாது.” பழனி மலையில் எஸ்டேட் வாங்கி விடுதி கட்ட வருகிறவர்களும், அவர்களுக்கு வரைபடம் போடுகிறவர்களும் பல வருடங்களாக இதையே சொல்கிறார்கள். இங்கிலாந்துப் படம் ஒன்றைக் காட்டுவார்கள்: மேடும் பள்ளமுமாகப் பச்சைப் புல், நடுவே ஏரி, ஓரத்தில் நாலு ஓக் மரம். அடுத்து, அதே மலையின் கீழ்ப்பகுதியான கீழ்மலையில், காப்பி விளையும் ஆடலூரின் சரிவைக் காட்டி, “காடு மாதிரிக் கிடக்கிறது” என்பார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நம்மிடம் படித்த நிபுணர்கள் இல்லையாம். டெல்லியில் நிலவடிவமைப்பு மேற்படிப்பு 1972 முதல் நடக்கிறது. அந்த வாதத்துக்கு இது போதும்.

அவர்கள் கொண்டாடும் அந்தக் காட்சியை இங்கிலாந்தில் பரப்பிய லான்சலாட் பிரவுன் (1716–1783) எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவர் இல்லை. தோட்ட வேலைக்காரராகத் தொடங்கியவர். மண்ணில் கைவைத்துக் கற்ற அவரை மேதை என்கிறவர்கள், அதேபோல் கற்று ஆடலூரில் காப்பிக்குக் கவாத்து எடுப்பவரைக் கூலியாள் என்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். டார்செட் பகுதியில் மில்டன் பிரபு தன் மாளிகையிலிருந்து பார்க்க நல்ல காட்சி வேண்டுமென்று பக்கத்திலிருந்த ஊரையே இடித்தார். சனங்களைத் தள்ளிக் குடியமர்த்தப் புதுக் கிராமம் கட்டினார்கள். அந்த வேலையிலும் பிரவுனுக்குப் பங்குண்டு. இந்தக் கண் நமக்கு இல்லாமல் போனது நல்லதே.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் மழை. இங்கிலாந்தில் வருடம் முழுக்கப் பரவலாக, மெதுவாகப் பெய்கிறது. புல் தானாகப் பச்சையாக நிற்கும், ஆடு மேய்ந்தே அதை மட்டமாக்கிவிடும். ஆடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். தை பிறந்ததும் வறட்சி தொடங்கிவிடும். காப்பி பூக்க ஒரு கோடை மழை வராதா என்று வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மழையைச் செங்குத்துச் சரிவில் தாங்க என்ன வேண்டுமோ, அதைத்தான் கீழ்மலைக்காரர்கள் அமைத்திருக்கிறார்கள். மேலே சில்வர் ஓக், பலா. அதற்குக் கீழே ஆரஞ்சு, மலைவாழை. அடியில் காப்பி. மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. தரையில் கனமான சருகு. விழுகிற துளி ஒவ்வொரு அடுக்கிலும் வேகம் குறைந்து மண்ணில் இறங்குகிறது. மழைக்காலத்தில் வெளிச்சம் கீழே வர வேண்டும், கோடையில் நிழல் நிற்க வேண்டும்; எந்தக் கிளையை எப்போது கழிப்பது என்று மரத்துக்கு மரம் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இதைவிட நுட்பமான வடிவமைப்பு எது? விடுதி கட்ட வருகிறவர்கள் ‘காடு மாதிரி’ என்று குறை சொல்வது இதைத்தான்.

இந்தச் சரிவுகளில் இறங்கும் தண்ணீர் குடகனாற்றில் சேர்ந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. திண்டுக்கல் நகரம் அந்தத் தண்ணீரையும் குடிக்கிறது. ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டி, மரங்களை எடுத்து, புல் பதித்தால் ஐப்பசியில் மண் அந்த நீர்த்தேக்கத்துக்குப் போகும். பங்குனியில் அதே புல்லைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணறு தோண்டுவார்கள்.

புல் மேல் இவ்வளவு ஆசை இருப்பவர்கள் மேல்மலையைப் பார்க்கட்டும். சோலைகளுக்கு இடையே இயற்கையாகவே புல்வெளி இருந்த இடம் அது. அதை வெற்று நிலமென்று நினைத்துத்தான் வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இருந்த புல்லை அங்கே அழித்துவிட்டு, இல்லாத புல்லை இங்கே கொண்டுவருவது என்ன நியாயம்?

அழகு இருந்தால்தான் சுற்றுலா வரும் என்பார்கள். காப்பி பூத்த வாரத்தில் அவர்களை ஆடலூருக்கு அழைத்து வந்தால் போதும்.

அடுத்த முறை நிலத்தை அழகாக அமைப்பது பற்றி மேடை போடுகிறவர்கள், இந்தத் தோட்டங்களில் நிழல் கழிக்கும் ஒருவரை அழைத்து முதலில் பேசச் சொல்லட்டும். இங்கிலாந்துப் படங்களைப் பிறகு காட்டலாம்.