காத்து எங்கே போகும்?

என் மச்சானுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் ஒரு பழைய வேனை வாங்கினான். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், அலமாரி, மடக்கு மேஜை வைத்தான். ஏ.சி. வெளியே போகக் கூடாதென்று இடுக்கு இடுக்காக ஃபோம் ஒட்டினான். தரையில் ரப்பர் விரிப்பு. ‘கேரவன்’ ரெடி.

கேரவன் என்றால் சினிமாக்காரர்களுக்குத்தான் என்று நினைத்திருந்த என் மாமியார், பையன் நடிக்கப் போகிறான் என்று பயந்துபோய் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டு வந்தார்.

நடிக்கவெல்லாம் இல்லை. தை மாதம் நண்பர்கள் நாலு பேரோடு ஊட்டி. சமையல், தூக்கம் எல்லாம் வேனிலேயே.

“மாமா, ஒரு டவுட்டு. பியூட்டேன் வாங்கறதா, புரொப்பேன் வாங்கறதா?”

நான் பி.காம். ஆனாலும் மச்சான் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியுமா?

“எது மைலேஜ் தருது?” என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தான். இங்கிலாந்தில் கேரவன் வைத்திருப்பவர்களுக்கான புத்தகம். அங்கே பியூட்டேன் நீல பாட்டிலில் வரும், புரொப்பேன் சிவப்பு பாட்டிலில். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில் கொதிக்கும். குளிர் அதற்குக் கீழே போனால் ஆவியாகாமல் பாட்டிலுக்குள்ளேயே திரவமாகப் படுத்துக்கொள்ளும், அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை அசராது. அதனால் அங்கே குளிர்காலத்துக்குச் சிவப்பு.

“ஊட்டியில தை மாசம் புல்லு மேல பனி உறையும் மாமா. நமக்கு சிவப்புதான்!”

இருவரும் திருப்போரூர் கடைத்தெருவுக்குப் போனோம். டீக்கடை வாசலில் நீலச் சிலிண்டர். மச்சான் துள்ளினான்.

“பாத்தீங்களா! நம்ம வெயிலுக்கு பியூட்டேன் போதும்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு! அண்ணே, இது பியூட்டேன்தானே?”

“அதெல்லாம் இல்ல சார். லெமன் டீ இருக்கு” என்றார் கடைக்காரர்.

லெமன் டீ குடித்துவிட்டு, கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

“தம்பி, நம்ம சிலிண்டர்ல ரெண்டும் கலந்தேதான் வருது. சிவப்பு, வீட்டுக்கு, 14.2 கிலோ. நீலம், கடைக்கு, 19 கிலோ. கலர் யாருக்குன்னு சொல்லும், உள்ளே என்னன்னு சொல்லாது.”

பத்து நாள் ஆராய்ச்சி அரை நிமிஷத்தில் காலி! மச்சான் விடவில்லை.

“குளிர்ல எரியுமாய்யா?”

“விடியக்காலையில கொஞ்சம் மந்தமா எரியும். புரொப்பேன் முதல்ல கிளம்பிடும், பியூட்டேன் சோம்பேறி. வெயில் வர்ற வரைக்கும் பொறுங்க. அவசரப்பட்டு சிலிண்டருக்கு சூடு காட்டாதீங்க.”

அப்புறம் சிலிண்டரின் கழுத்துப் பட்டையைக் காட்டினார். அதில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நான்கு காலாண்டுகள். ‘பி 28’ என்றால் 2028 ஜூன் முடிவதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும். தேதி தாண்டியதை வாங்கவே கூடாது. எத்தனை வருஷமாக சிலிண்டர் வாங்குகிறேன், ஒருநாளாவது பார்த்ததுண்டா?

“வண்டியைக் காட்டுங்க” என்றார். பெருமையோடு கதவைத் திறந்தான் மச்சான். பெரியவர் ஃபோமைத் தடவினார், ரப்பர் விரிப்பைக் காலால் அழுத்தினார்.

“எல்லாம் சரி. காத்து எங்கே தம்பி போகும்?”

மச்சான் விழித்தான்.

“இந்த கேஸ் காத்தைவிட கனம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேலே போகாது. தண்ணி மாதிரி தரையிலதான் தேங்கும். நீங்க கட்டில்ல படுத்திருப்பீங்க, அது கீழே படுத்திருக்கும். வாசனை மூக்குக்கு வர்றதுக்குள்ள யாராவது ஒரு ஸ்விட்ச் போட்டா?”

கொஞ்சம் நிறுத்திவிட்டு, “குளிருக்கு இதமா இருக்கும்னு கதவைச் சாத்திட்டு அடுப்பை எரிய விட்டுத் தூங்கினா அது வேற எமன். அந்தப் புகைக்கு வாசனையே கிடையாது” என்றார்.

எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி. லக்னோவிலிருந்து வந்தவர்கள் தடையை மீறி ஏற்றி வந்த சிலிண்டரால் தீ. ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெட்டியில் ஏறும்போது அவர்களும் இவனை மாதிரி சந்தோஷமாகத்தானே ஏறியிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து அந்த இங்கிலீஷ் புத்தகத்தை நானே புரட்டினேன். கலர் சமாசாரம் முடிந்ததுமே அடுத்த பக்கத்தில் இருந்தது: சிலிண்டருக்குத் தனி அறை வேண்டும். படுக்கும் இடத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அடித்தளத்தில் ஓட்டைகள் வேண்டும், கசிந்தால் கீழே இறங்கித் தெருவோடு போக.

“ஏன்டா மச்சான், இதைப் படிக்கலையா?”

“நீலமா சிவப்பான்னு முடிவு பண்ணிட்டு அந்தப் பக்கம் போலாம்னு இருந்தேன் மாமா.”

நாமும் அப்படித்தான். எதை வாங்குவது என்று பத்து நாள் யோசிப்போம். எங்கே வைப்பது என்று பத்து நிமிஷம் யோசிக்க மாட்டோம்.

இப்போது ஃபோம் பாதி பிய்ந்துவிட்டது. வேனின் பின்பக்கம் தனியாக ஒரு பெட்டி, அடியில் ஓட்டைகளோடு. அதில் 5 கிலோ சிலிண்டர், நிமிர்த்தி நிற்க வைத்து பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறான். கனெக்‌ஷன் இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கிறது. டியூப் புதுசு. இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று நானே இரண்டு தடவை பார்த்தேன். அடுப்பு வேனுக்கு வெளியேதான். ‘கேரவன்’ அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது என்று மச்சானுக்கு வருத்தம்.

கிளம்புகிற அன்று மாமியார் மறுபடியும் கந்தசாமிக்கு அர்ச்சனை செய்யப் புறப்பட்டார்.

இந்தத் தடவை காசு நான் கொடுத்தேன்.